கோலிக்கு நின்றவர்

அணையில் தண்ணீர் இறங்கிவிட்டால் ஆனைக்குட்டத்துப் பையன்களுக்கு மைதானம் கிடைத்துவிடும்.

அர்ஜுனா ஆறு அடித்துக்கொண்டு வந்து போட்ட வண்டல் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நாலு நாள் காலில் மிதிபட்டால் பொடிந்து சமதளமாகிவிடும். சீமைக்கருவேலங் கம்பு இரண்டை ஊன்றி மேலே சணல் கயிறு கட்டினால் கோல் போஸ்ட். செருப்பைக் கழற்றிப் போட்ட இடம் கார்னர். பந்துக்கு எமன் கரையோரம் உதிர்ந்து கிடக்கும் முள். காசு சேர்த்து வாங்கிய பந்து ஒரு மாதம் முழுசாக உருண்டாலே பெரிய காரியம்.

விருதுநகருக்குக் குடிநீர் போகிற அணை இது. நிறைந்து கிடக்கும்போது வேடிக்கை பார்க்க ஆட்கள் வருவார்கள். எனக்கு வற்றிய நாட்கள்தான் பிடிக்கும். சாயங்காலம் கரையில் உட்கார்ந்தால், பட்டாசு ஆபீஸ் வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் சத்தம் ரோட்டிலிருந்து வரும். கீழே பந்து உதைபடும் சத்தம். இரண்டும் ஓயும்போது இருட்டிவிடும்.

கோலிக்கு, அதாவது கோல்கீப்பராக, யார் நிற்பது என்று தினமும் தகராறு. நான் நான் என்று அல்ல, நான் மாட்டேன் நான் மாட்டேன் என்று. கடைசியில் இருப்பதிலேயே சின்னவன் தலையில் விழும். ஒரே ஒருவன்தான் கேட்டு வாங்கி நிற்பான். பதிமூன்று வயது, நெடுநெடுவென்று வளர்த்தி, பேச்சு குறைவு. அவனால்தான் இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன்.

*

2023 ஜூலை 4, செவ்வாய்க்கிழமை ராத்திரி. டீக்கடை பெஞ்சில் ஒரு செல்போனைச் சீனி டப்பாமேல் சாய்த்து வைத்து ஏழெட்டுப் பேர். பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் சாஃப் கோப்பையின் இறுதி ஆட்டம், இந்தியாவும் குவைத்தும். குவைத் முதலில் கோல் போட்டது. சாங்தே சமன் செய்தார். அப்புறம் யாரும் போடவில்லை. கூடுதல் நேரமும் போய், பெனால்டி. ஐந்தைந்து உதை முடிந்தும் 4-4. ஆறாவதை மகேஷ் சிங் உள்ளே அடித்தார். குவைத் கேப்டன் ஹாஜியா அடித்ததை குர்பிரீத் சிங் சந்து பாய்ந்து தடுத்தார்.

பெஞ்சே எழும்பிவிட்டது. ஸ்டேடியத்தில் கூட்டம் பாட, இங்கே பையன்கள் ரோட்டில் ஓட. நெட்டையன் மட்டும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தத் தடுப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “அண்ணே, நம்ம ஆளு யாராச்சும் இப்படி கோலிக்கு நின்னு ஜெயிச்சிருக்காங்களா?”

நம்ம ஆளு என்றால் அவன் கணக்கில் தமிழ்ப் பேர் உள்ள ஆள். பீட்டர் தங்கராஜ் என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. பெஞ்சில் இருந்த பெரியவர்களுக்கும் தெரியவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், “எந்த ஊரு நாடாரு?” என்று கேட்டார். ஊரும் சாதியும் கேட்டுத்தான் இங்கே ஒரு மனிதரைப் பழகுவார்கள், அவரைத் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அறுபத்தோரு வருஷமாக ஒருவர் பெயர் நம் வாயில் வராமலே போயிருக்கிறது.

*

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா, செனயன் ஸ்டேடியம். நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம். இந்தியா 2, தென்கொரியா 1.

இந்தியக் கால்பந்தில் இதைவிடப் பெரிய வெற்றி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது என் எண்ணம். 1951-இல் டெல்லியில் ஈரானை 1-0 என்று வென்று வாங்கிய தங்கம் சொந்த ஊரில், சொந்தக் கூட்டத்தின் நடுவே வாங்கியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் வரைக்கும் போனது பெரிய விஷயம்தான், ஆனால் பதக்கம் இல்லை. ஜகார்த்தாவில் கிடைத்தது வேறு மாதிரி.

அந்த மைதானத்தில் அன்று ஒரு லட்சம் பேர் என்கிறார்கள். விருதுநகர் நகராட்சியின் மொத்த ஜனத்தொகை 2011 கணக்கில் 72 ஆயிரத்துச் சொச்சம். நம் பஜார், தெப்பக்குளம், பொட்டல், அத்தனை தெருவிலும் உள்ள அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடி, பக்கத்து ஊர்களிலிருந்தும் இன்னும் முப்பதாயிரம் பேரைக் கூட்டி வந்து, பதினொரு பேரைப் பார்த்து ஊளையிட்டால் எப்படி இருக்கும்? தேசிய கீதம் இசைத்தபோதும் அந்த ஊளை நிற்கவில்லை என்கிறார்கள்.

*

அவர்கள் ஏன் அப்படிக் கத்தினார்கள் என்பதைப் பையனுக்குச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது.

போட்டியை நடத்திய இந்தோனேசியா இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா கொடுக்கவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டி என்ற ஒன்று உருவாகப் பாடுபட்டவர்களில் ஒருவர் இந்தியாவின் குரு தத் சோந்தி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் உறுப்பினர். இரண்டு நாடுகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதற்கு ஆசிய விளையாட்டு என்று பெயர் வைக்கலாமா என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது. கேட்ட இடம் ஜகார்த்தா. ஊர் கொதித்துவிட்டது. கூட்டம் இந்தியத் தூதரகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. அது நடந்து மறுநாள்தான் இறுதி ஆட்டம்.

ஆக, மைதானத்தில் இருந்தவர்கள் கொரியாவின் ரசிகர்கள் அல்ல. இந்தியா தோற்பதைப் பார்க்க வந்தவர்கள். எதிரே ஆடுகிறவனோடு போட்டியிடுவது ஒன்று. பார்க்க வந்தவன் பகையாவது இன்னொன்று. அன்று இரண்டும் சேர்ந்துகொண்டது.

பஸ்ஸில் போகும்போது ஜர்னைல் சிங்கும் திரிலோக் சிங்கும் இருக்கையில் உட்காராமல் கீழே உட்கார்ந்து வந்தார்களாம். தலைப்பாகையைப் பார்த்தால் இந்தியப் பஸ் என்று தெரிந்துவிடும் என்று. ஆட்டக்காரர்கள் வயதான பிறகு சொன்ன கதை. தங்கத்துக்கு ஆடப்போகிறவர்கள் தரையில் குனிந்து உட்கார்ந்து போயிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

*

கொரியாவுக்கும் நமக்கும் என்ன பகை? பந்தில் மட்டும்தான். ஆசியாவில் பெரியவன் யார் என்ற ஒரே வழக்கு.

கொரியா 1956, 1960 இரண்டு முறையும் ஆசியக் கோப்பையை வாங்கியிருந்தது. ஜகார்த்தாவிலும் இந்தியாவின் முதல் ஆட்டமே கொரியாவோடுதான், அதில் 0-2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2. அந்தப் பக்கம் கொரியா மலாயாவை வென்று வந்தது. ஆரம்பத்தில் யாரிடம் அடி வாங்கினார்களோ அவர்களையே கடைசியில் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

“மொத மேட்ச்ல தோத்தவங்ககிட்டயே பைனல்லயா?” என்றான் பையன். அவனுக்கு அந்த ஒரு விஷயம் போதுமாக இருந்தது. எழுந்து போய் மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வந்தான்.

*

ரஹீம் சாகிப் பற்றி.

சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்காரர், பள்ளிக்கூட வாத்தியார். 1950-லிருந்து இந்திய அணிக்குப் பயிற்சியாளர். 1951 தங்கமும் அவர் காலம்தான், மெல்போர்னும் அவர் காலம்தான். ஜகார்த்தாவுக்குப் போகும்போது அவருடைய உடம்புக்குள் புற்றுநோய் இருந்தது. மறு வருடம் 1963 ஜூன் 11 அன்று இறந்துபோனார். ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, தனக்குக் கொடுப்பதாக இருந்தால் தங்கத்தைக் கொடுங்கள் என்று கேட்டதாக ஆட்டக்காரர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய வித்தை ஆட்களை இடம் மாற்றி வைப்பதில் இருந்தது. ஜர்னைல் சிங் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர், மலைமாதிரி ஆள். தாய்லாந்தோடு ஆடியபோது தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். வேறு பயிற்சியாளராக இருந்தால் அவரை ஓய்வில் வைத்திருப்பார். ரஹீம் அவரைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்தினார். தையலோடு ஆடிய ஜர்னைல் அரையிறுதியிலும் ஒரு கோல் போட்டார், இறுதியிலும் ஒரு கோல் போட்டார்.

இன்னொரு மாற்றம் கம்பத்துக்கு நடுவே. அதுவரை ஆட்டங்களில் கோல்கீப்பராக நின்று வந்தவர் பிரத்யுத் பர்மன். தங்கராஜ் காய்ச்சலில் கிடந்தார். இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜை எழுப்பி நிறுத்தினார் ரஹீம். பர்மனின் இடத்திலிருந்து இதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. இறுதிவரை கொண்டுவந்து சேர்த்த கை அவருடையது. ஆனால் கொரியாக்காரர்கள் பந்தை உயரத் தூக்கிப் போட்டு ஆடுகிறவர்கள். அந்த உயரத்துக்கு எட்டுகிற கை தங்கராஜுடையது.

*

ஆட்டம்.

17-ஆவது நிமிஷம் பி.கே. பானர்ஜி. 20-ஆவது நிமிஷம் ஜர்னைல் சிங். மூன்று நிமிஷத்துக்குள் இரண்டு கோல். லட்சம் பேர் வாய் அப்போது கொஞ்சம் அடங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டு கோலையும் எழுதிவிட்டு நேரே 85-ஆவது நிமிஷத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த நிமிஷத்தில்தான் சா டே-சுங் கொரியாவுக்கு ஒரு கோல் போட்டார். 20-லிருந்து 85 வரை எண்ணிப் பாருங்கள், அறுபத்தைந்து நிமிஷம். ஒரு தேங்காயைத் திருகி, சாந்து அரைத்து, குழம்பு கொதித்து இறங்குகிற நேரம். அவ்வளவு நேரமும் கொரியா அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, பந்து உள்ளே போகவில்லை. சாதனைப் பட்டியலில் கோல் போட்டவர் பெயருக்குப் பக்கத்தில் நிமிஷம் இருக்கும். தடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது.

85-க்குப் பிறகு ஐந்து நிமிஷம். ஒரு கோல் விழுந்தால் சமன். மைதானம் முழுக்க மறுபடி உயிர் வந்துவிட்டது. முன்வரிசையில் இருப்பவன் ஓடலாம், ஓடினால் பயம் தெரியாது. கோலிக்கு நிற்பவன் நிற்க வேண்டும்.

*

நெட்டையனின் அப்பா பட்டாசு ஆபீஸில் மருந்து கலக்கிறவர்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இந்த வேலை தெரியாது. பட்டாசு ஆபீஸ் என்றால் நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து திரி சொருகுவதாகவும் குழாய் சுற்றுவதாகவும் நினைப்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் கலவை வேறு. வெயில் ஏறுவதற்கு முன், விடிகாலையில், தனியாக ஒதுங்கி நிற்கும் சின்ன அறையில் ஒருவரோ இருவரோ செய்கிற வேலை. அறைக்கும் அறைக்கும் தூரம் விட்டுக் கட்டியிருக்கும், நடுவே வேப்பமரம் நிற்கும். எந்த அறையிலும் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். இரும்புச் சாமான் உள்ளே போகக் கூடாது. வாசலில் தண்ணீர் வாளி, மணல் வாளி. கலந்து முடித்துவிட்டு வெளியே வருகிறவர் கை முழங்கை வரை வெள்ளியாய் மின்னும். அலுமினியப் பொடி. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் தங்கிவிடும்.

ஒருநாள் டீக்கடையில் அவரிடம், வேலையில் கஷ்டம் எது என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: “கலவையில கை வச்சிருக்கிறப்ப யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது அண்ணாச்சி. கூப்பிட்டாத் திரும்பத் தோணும். திரும்பக் கூடாது.”

வேறு எதுவும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஜகார்த்தாவை நினைக்கும்போது இவர் ஞாபகம் வருகிறது. இவருக்கு ஒரு குரல் போதும், கை தப்பிவிடும். தங்கராஜைச் சுற்றி லட்சம் குரல். எல்லாம் திரும்பச் சொல்லிக் கூப்பிட்ட குரல்தான். தொண்ணூறு நிமிஷமும் அவர் திரும்பவில்லை.

*

தங்கராஜ் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்க வேண்டும். பையன் கேட்பான்.

1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் கண்டோன்மென்ட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே மார்னிங் ஸ்டார் கிளப்பில் ஆடத் தொடங்கி, பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி வெல்லிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். தொடக்கத்தில் முன்வரிசையில் ஆடியவர், அப்புறம்தான் கம்பத்துக்குப் போனார். கோல் போடுகிற இடத்திலிருந்து கோலைத் தடுக்கிற இடத்துக்கு. அதை இறக்கம் என்று நினைத்திருந்தால் நமக்குத் தங்கராஜ் கிடைத்திருக்க மாட்டார்.

வெல்லிங்டன் ராணுவ அணி 1955-லும் 1958-லும் டியூராண்ட் கோப்பையை வென்றது. நம் மலையில் இருந்து ஒரு அணி டெல்லிக்குப் போய் இந்தியாவின் மிகப் பழைய கோப்பையை இரண்டு முறை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஊட்டிக்குப் பூப்பார்க்கப் போகிறவர்கள் வழியில் வெல்லிங்டனைத் தாண்டித்தான் போகிறார்கள்.

1956 மெல்போர்ன், 1960 ரோம், இரண்டு ஒலிம்பிக். 1958, 1962, 1966 மூன்று ஆசிய விளையாட்டு. கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகள், முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், மூன்றுக்கும் கோல்கீப்பராக நின்றவர். அந்த ஊரில் ஒரு கிளப்பை விட்டு இன்னொன்றுக்குப் போனால் தெருவில் நடக்க முடியாது என்பார்கள். மூன்று வீட்டிலும் பெண் கொடுத்த மாதிரி இவருக்கு மட்டும் மரியாதை கிடைத்தது. 1967-இல் அர்ஜுனா விருது.

ஆட்டத்தை விட்ட பிறகு பொக்காரோ உருக்காலை ஊரில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தார். அங்கேயே 2008 நவம்பர் 24 அன்று காலமானார்.

இந்த அர்ஜுனா விருதுக்கும் நம் ஆற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் பையனிடம் சொன்னபோது அவன் குனிந்து, அர்ஜுனா ஆற்றின் காய்ந்த வண்டலை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான்.

*

அந்த அணியில் தமிழ் வீட்டுப் பிள்ளை இன்னொருவரும் உண்டு. துளசிதாஸ் பலராம். அவரும் செகந்திராபாத்தான். கேப்டன் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம், இந்த மூன்று பேரையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்து இந்தியக் கால்பந்தைச் சொல்வார்கள். ஈஸ்ட் பெங்காலுக்குக் கேப்டனாக இருந்தவர். உடம்பு சரியில்லாமல் இருபத்தாறு இருபத்தேழு வயதிலேயே ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாமல் வங்காளத்தில் உத்தர்பாடாவில் தனியாக இருந்து, 2023 பிப்ரவரி 16 அன்று போய்விட்டார். சுனியும் பி.கே.யும் 2020-இல் ஒன்றரை மாத இடைவெளிக்குள் போனார்கள்.

பலராம் இறந்த மறுநாள் நம்மூர் டீக்கடையில் பேப்பர் கிடந்தது, எல்லோரும் படித்தார்கள். நானும் இருந்தேன். அவரைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

*

கல்கத்தா என்று எழுதியதும் ஞாபகம் வந்தது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ரயிலேறிக் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்துப்போன பூமி, வேறு பிழைப்பு இல்லை. அவர்கள் கொண்டுவந்த தீக்குச்சியில் ஆரம்பித்து மத்தாப்பு, பட்டாசு, அச்சாபீஸ் என்று இந்த வட்டாரமே அடுப்பெரிகிறது. நூறு வருடம் ஆகிவிட்டது.

அவர்கள் போன அதே கல்கத்தாவில், அதே வருடங்களில், மைதானம் மைதானமாகப் பந்து உருண்டுகொண்டிருந்தது. தொழிலைக் கற்றுக்கொண்டு வர ஆள் போனார்கள். பந்தைக் கற்றுக்கொண்டு வர நம் பக்கமிருந்து யாரும் போகவில்லை. பசித்தவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. ஆனால் பசி அடங்கியபிறகாவது ஒரு நல்ல மைதானம் போட்டிருக்கலாம்.

*

ஜகார்த்தாவில் அன்று இந்தியாவுக்காகக் கை தட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணி. அதே விளையாட்டுப் போட்டியில் ஹாக்கி இறுதியில் நம்மை 2-0 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள். லட்சம் பேர் எதிராகக் கத்தும் மைதானத்தில் அவர்கள் உட்கார்ந்து இந்தியாவுக்குக் குரல் கொடுத்தார்கள்.

இதைப் பையன்களிடம் சொன்னேன். ஒருவன் நம்பவில்லை. “பாகிஸ்தானா?” என்று மூன்று முறை கேட்டான். ஆமாம் என்றேன் மூன்று முறையும்.

*

ஜகார்த்தா வெற்றி ஏன் ஊர் ஊராகப் பரவவில்லை? ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. செப்டம்பர் 4 தங்கம். அக்டோபர் 20 சீனப் படை உள்ளே வந்தது. ஒன்றரை மாதம்தான் இடைவெளி. அந்த வருடத் தீபாவளி அக்டோபர் கடைசியில், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது. இமயமலையில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது யார் பந்தைப் பேசுவார்கள்? சண்டை முடிந்தபோது ஜகார்த்தா பழைய செய்தி. அடுத்த ஜூனில் ரஹீமும் இல்லை.

1970-இல் பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. அதற்கப்புறம் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் ஆண்கள் அணிக்குப் பதக்கமே இல்லை.

*

கிரிக்கெட்டில் ஜெயித்தால் நாடு முழுக்க வெடிக்கிற வெடி நம் கையால் செய்தது. 1983-க்கு வெடித்தார்கள், 2011-க்கு வெடித்தார்கள். வெடித்து முடிந்த தெருவில் கிடக்கும் சிவப்புக் காகிதத்தைப் பார்த்தால், அதைச் சுற்றிய விரல் யாருடையதோ என்று எனக்குத் தோன்றும். இந்த வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு அந்த நினைப்பு வராமல் இருக்காது.

ஜகார்த்தாவுக்கு ஒரு சரம் கொளுத்தியிருக்க வேண்டும். இப்போது நினைத்தாலும் முடியாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியத்தையும் தடை செய்துவிட்டது. காற்றுக்காகச் செய்தது, சரிதான். சரம் பின்னியே பிழைத்த வீடுகளை அது எப்படிப் புரட்டிப் போட்டது என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது இந்த நோட்டுக்கு உரியதல்ல, தனியாக எழுத வேண்டும்.

*

சிவசக்தி நாராயணன் என்று ஒரு பையன் பெங்களூர் அணிக்கு முன்வரிசையில் ஆடுகிறான். சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூர். நம் மழையற்ற பூமியேதான், சீமைக்கருவேலமேதான். சென்னையிலிருந்து நந்தகுமார் சேகர். பெயர்களை நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நெட்டையன் வாங்கிப் படித்துவிட்டு, “இவங்க பார்வர்டு. கோலி?” என்றான்.

*

நேற்றுச் சாயங்காலம்.

சனிக்கிழமை, சம்பள நாள். வேன்கள் சீக்கிரம் வந்துவிட்டன. பையன்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, தெற்குத் தெரு கொரியா, வடக்குத் தெரு இந்தியா என்று வைத்துக்கொண்டார்கள். கொரியாவாக இருக்கமாட்டோம் என்று முதலில் முரண்டு. சுண்டிப் பார்த்துத்தான் முடிவானது. கோலிக்கு நிற்பதில் தகராறு வரவில்லை என்பதைக் கவனித்தேன். வடக்குத் தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். நெட்டையன் ஒன்றும் சொல்லாமல் போய்க் கம்பத்துக்கு நடுவே நின்றுவிட்டான்.

கரைமேல் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து நின்றது. அவனுடைய அப்பா. வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு இறங்கி வந்து, கோல் போஸ்டுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றார். கையைப் பின்னால் கட்டியிருந்தார், விரல் இடுக்கில் வெள்ளி மின்னியது. பையன் அவரைப் பார்க்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. தெற்குத் தெருக்காரன் ஒருவன் இடப்பக்கமிருந்து இழுத்து அடித்தான். பந்து கயிற்றை உரசிக்கொண்டு உள்ளே போனது. கத்தல், கூத்து, தெற்குத் தெரு முழுக்கக் கட்டிப் புரண்டது.

பையன் பந்தை எடுக்கத் திரும்பினான். அப்பா அதை எடுத்துக் கையில் கொடுத்தார். எல்லோரும் நடுக்கோட்டுக்குப் போனபிறகு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “கம்பத்துக்கிட்டயே ஒட்டிக்கிட்டு நிக்காத. ரெண்டு எட்டு முன்னாடி வந்து நில்லு.”

வந்து நின்றான்.